காலியா விட்ட இடம்

அப்பா சிங்கப்பூர் வந்து மூணாவது நாளே ஊருக்கு டிக்கெட் எப்பன்னு கேட்க ஆரம்பிச்சுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. மாயவரத்துல காலையில ஆறு மணிக்கு வாசல்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்னா பால்காரர், பேப்பர் போடுற பையன், எதிர்வீட்டு சார், கோயிலுக்குப் போற மாமின்னு பத்து பேர்கிட்ட பேசி முடிச்சுட்டுதான் ரெண்டாவது காபிக்கே உள்ள வருவார். இங்க அங் மோ கியோல எட்டாவது மாடி. கதவைத் திறந்தா நீளமா ஒரு காரிடார், வரிசையா பத்து கதவு, பத்தும் சாத்தியிருக்கும், வெளிய ஷூ ரேக் மட்டும் நிக்கும். "யாராவது குடியிருக்காங்களாடா இங்க?"ன்னு சீரியஸாவே கேட்டார்.

சரி வாங்கன்னு சாயங்காலம் பீஷான் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க புளோக்லருந்து ரோட்டைக் கடந்தா வந்துரும். பேரு என்னவோ பார்க்குன்னுதான், ஆனா நடுவுல காலாங் ஆறு ஓடுது. சிங்கப்பூர்லயே நீளமான ஆறு அதுதான், நீளம்னதும் காவிரியை நினைச்சுக்காதீங்க, மொத்தமே 10 கிலோமீட்டர். அப்பா வந்து ஆத்தங்கரையில நின்னார், ரெண்டு பக்கமும் பார்த்தார், புல்லு சரிவா இறங்கி அப்படியே தண்ணில முடியுது, சுவர் இல்ல, கம்பி வேலி இல்ல, ஒரு சின்னப் பையன் கணுக்கால் தண்ணில நின்னு வலையால மீன் அள்ளிட்டு இருக்கான். "கரை எங்கடா?"ன்னார்.

இந்தக் கேள்விக்காகவே நான் காத்துட்டு இருந்தேன்னு வைங்க, ஏன்னா இந்த ஆத்துக் கதையை வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லி என் வீட்டம்மா காதுலயே புளிச்சுப் போச்சு. இந்த ஆறு இங்க முந்தி ஒரு கான்கிரீட் கால்வாய். ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா 2.7 கிலோமீட்டர், பக்கத்துல வேலி, இந்தப் பக்கம் பார்க், அந்தப் பக்கம் புளோக்குங்க. மழை பெஞ்சா தண்ணி எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஓடிப்போகணும், அதுக்குன்னே கட்டினது. அந்தக் காலத்துல வெள்ளம் இங்க பெரிய தலைவலி, அதனால கட்டினதையும் தப்புன்னு சொல்லிட முடியாது. 2006ல தண்ணி வாரியம் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, சாக்கடை மாதிரி மூடி மறைச்சு வச்சிருக்கிற கால்வாய் எல்லாத்தையும் ஜனங்க பக்கத்துல போய் உட்கார்ற மாதிரி ஆக்கணும்னு. இதுல சுயநலமும் இருக்கு. 2008ல மரினா அணைக்கட்டைத் திறந்தாங்க, அதுக்கப்புறம் காலாங் ஆறு போய்ச் சேர்ற இடம் கடல் இல்ல, குடிதண்ணி ஏரி. அதாவது இந்த ஆத்துல நான் எறியுற பிளாஸ்டிக் கவர் என் வீட்டுக் குழாய்க்கு வர்ற தண்ணிலதான் போய் விழும். குப்பை போடாதேன்னு நூறு போர்டு வைக்கிறதை விட ஆத்தைப் பக்கத்துல காட்டிட்டா ஜனங்களுக்கே ஒரு இது வரும்னு கணக்கு.

2009ல கால்வாயை உடைக்க ஆரம்பிச்சு 2012 மார்ச்ல திறந்தாங்க. நேரா ஓடின 2.7 கிலோமீட்டரை வளைச்சு நெளிச்சு 3.2 ஆக்கினாங்க. உடைச்ச கான்கிரீட்டை லாரில ஏத்தி எங்கயோ கொட்டாம பார்க்குக்குள்ளயே ஒரு குன்னு மாதிரி குவிச்சு வச்சிருக்காங்க, மேல ஏறினா முழு பார்க்கும் தெரியும். கரையைச் சிமெண்ட் போடாம நிறுத்துறதுதான் பெரிய வேலை, கல்லும் நார் விரிப்பும் செடியோட வேரும்தான் மண்ணைப் பிடிச்சுக்கணும், எந்த முறை எந்தச் செடி தாங்கும்னு முதல்ல ஒரு சின்ன ஓடையில போட்டுப் பார்த்துட்டுதான் ஆத்துல கை வச்சாங்க.

இதெல்லாம் நான் மூச்சு விடாம சொல்லிட்டு இருக்கேன், அப்பா பாட்டுக்கு புல் சரிவையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் மெதுவா, "இது படுகைடா"ன்னார்.

எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ மாதிரி ஆயிடுச்சு. பத்து வருஷமா இந்த ஆத்தைப் பார்க்கிறேன், இந்த வார்த்தை எனக்குத் தோணவே இல்ல. டெல்டாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக: கொள்ளிடத்துக்கோ காவிரிக்கோ பெரிய கரை இருக்கும்ல, அந்தக் கரைக்கும் ஆத்துத் தண்ணிக்கும் நடுவுல ஒரு நிலம் கிடக்கும், அதான் படுகை. வாழை போடுவாங்க, மூங்கில் நிக்கும், காய்கறி போடுவாங்க, சாதாரண நாள்ல அது மனுஷங்க இடம். பெருவெள்ளம் வந்தா அது ஆத்தோட இடம். வாழை போனா போச்சுன்னு விட்டுட்டு மேட்டுல ஏறி நின்னு பார்ப்பாங்க, தண்ணி வடிஞ்சா வண்டல் படிஞ்சிருக்கும், திரும்பப் போடுவாங்க. படுகையில யாரும் மாடி வீடு கட்ட மாட்டான். இப்ப கட்டுறானுங்க, அது வேற கதை.

பீஷான்ல பண்ணினது அச்சு அசலா இதுதான். முந்தி கால்வாய் அகலம் இருபது மீட்டர் சுமாருக்கு இருந்துச்சு, இப்ப பெருமழை வந்தா ஆறு நூறு மீட்டர் வரைக்கும் விரிஞ்சுக்கலாம், அந்த எடம் மீதி நாள்ல புல்வெளி. காத்தாடி விடுறவன் விடலாம், தாய்ச்சி பண்ற பாட்டிங்க பண்ணலாம், நாயைக் கூட்டிட்டு வர்றவங்க வரலாம்.

இதைக் கண்ணால பார்த்தாத்தான் புரியும். அடுத்த வாரமே அமைஞ்சுது. ரெண்டு பேரும் பாலத்துல நின்னுட்டு இருந்தப்ப வடக்கால கருக்கல் கட்டிட்டு வந்துச்சு, தூங்குமூஞ்சி மரமெல்லாம் இலையை மடக்கிருச்சு (இந்த ஊர் ரோடு முழுக்க நம்ம தூங்குமூஞ்சி மரம்தாங்க, அப்பா ஏர்போர்ட்லருந்து வர்றப்பவே கண்டுபிடிச்சுட்டார்). கீழ எச்சரிக்கை விளக்கு மின்ன ஆரம்பிச்சுது, சைரன், ஒலிபெருக்கில ஆத்தை விட்டு மேல வாங்கன்னு அறிவிப்பு. மழை கொட்டுச்சு. ஆத்தைத் தாண்டிப் போக கல்லு வரிசையா போட்டிருப்பாங்க, குழந்தைங்க அதுமேல தாவித் தாவிப் போகும். பார்த்துட்டு இருக்கும்போதே முதல் கல்லைக் காணோம், அப்புறம் மூணாவது, அப்புறம் எதுவுமே இல்ல, செம்மண் கலர்ல தண்ணி மட்டும். பையன் மீன் பிடிச்ச இடம், நாங்க முந்தாநாள் உட்கார்ந்து கடலை சாப்பிட்ட புல்லு, எல்லாம் உள்ள போயிடுச்சு. பாலத்துல எங்ககூட ஒரு இருபது பேர் நின்னு வேடிக்கை பார்த்தாங்க, ஒரு ஆள் முகத்துலயும் பயம் இல்ல. அப்பா கையைக் கூப்பினார். பக்கத்துல நின்ன சீனத்துப் பெரியவர் அவரைப் பார்த்துட்டு அவரும் சிரிச்சுட்டே தலையாட்டினார். மழை விட்டு கொஞ்ச நேரத்துல தண்ணி இறங்கிருச்சு, புல்லெல்லாம் ஒரே பக்கமா சீவி விட்ட மாதிரி படுத்துக் கிடந்துச்சு.

நீர்நாய் பத்தியும் சொல்லணும், இல்லன்னா பீஷான்காரங்க கோவிச்சுப்பாங்க. கான்கிரீட் போனதும் மீன் வந்துச்சு, மீன் வந்ததும் கொக்கு, அப்புறம் நீர்நாய்க் குடும்பம் ஒண்ணு வந்து குட்டி போட்டு இந்த ஊர் முழுக்க ஃபேமஸ் ஆயிடுச்சு. அதுங்க பார்க்குக்குள்ள வந்துட்டா அன்னைக்கு முன்பின் தெரியாதவங்க எல்லாம் பேசிக்குவாங்க, "அந்தப் பக்கம் போச்சு, சீக்கிரம் போங்க"ன்னு. லிஃப்ட்ல தரையையே பார்த்துட்டு வர்ற ஜனங்கதான் இது.

சரி, ஆறு கதை போதும், புளோக்குக்கு வர்றேன்.

நாங்க இந்த வீடு வாங்கி முதல் ரெண்டு வருஷம் யாரையும் தெரியாது. ஒரு கறிவேப்பிலைத் தொட்டிதான் எல்லாத்தையும் மாத்துச்சு. காரிடார்ல ஒரு தொட்டி வச்சேன், அது நல்லா வந்துச்சு, ரெண்டாச்சு, அப்புறம் மிளகாய், துளசி, ஒரு முருங்கைக் குச்சி (தொட்டில முருங்கை, ஆமா, சிரிச்சுக்கோங்க). ஒருநாள் கதவுல நோட்டீஸ். காரிடார்ல நடக்கிற வழி 1.2 மீட்டர் இருக்கணும், தீ விபத்துன்னா ஸ்ட்ரெச்சர் போகணும், எடுத்துருங்கன்னு. விதி நியாயமானதுதான், ஆனா அன்னைக்கு எனக்கு எரிச்சலா இருந்துச்சு, நோட்டீஸை வச்சுட்டுக் கதவுகிட்டயே நின்னு முணுமுணுத்துட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி, அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல, வெளிய வந்து பார்த்தாங்க. எழுபது வயசு இருக்கும். "கீழ கொண்டு வா லா"ன்னு சொல்லி அவங்களே துளசித் தொட்டியைத் தூக்கிட்டாங்க.

கீழ புளோக் பின்னால ஒரு கம்யூனிட்டி கார்டன் இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ரெண்டு வருஷமா அதைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப் போயிருக்கேன். பூங்காக் கழகம் 2005ல ஆரம்பிச்ச திட்டம் இது, இப்ப தீவு முழுக்க ஆயிரத்துக்கு மேல இந்த மாதிரி தோட்டம் இருக்கு, புளோக்கு பக்கத்துல, பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரில கூட. எங்க தோட்டத்தைப் பார்த்துக்கிறவர் ரிட்டயர்டு ஆன மலாய்க்காரர், எல்லாருக்கும் பாக் சிக், மலாய்ல பெரியப்பா மாமான்னு கூப்பிடுற மாதிரி. அவர் என் கறிவேப்பிலையை ஒரு இலை கிள்ளி மோந்து பார்த்துட்டு, "இதுக்கு வெயில் இங்க"ன்னு மூலையைக் காட்டினார். அவ்வளவுதான் இன்டர்வியூ. வாரத்துல ரெண்டு நாள் தண்ணி ஊத்துற முறை எனக்கு. தட்டுல தண்ணி நிக்கக் கூடாது, டெங்கு கொசு, அந்த விஷயத்துல பாக் சிக் போலீஸ்காரர் மாதிரி.

தோட்டத்துல பெருசா என்ன விளையுதுன்னா ஒண்ணும் இல்ல. அதுல வர்ற வெண்டைக்காய் ஒரு சாம்பாருக்குப் போதாது. ஆனா "இந்த மஞ்சள் இலைக்கு என்ன பண்ணலாம்"னு ஆரம்பிக்கிற பேச்சு எங்கெங்கயோ போகும். ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான், அவங்க பேசுற சீன மொழியான ஹொக்கியென் எனக்குச் சுத்தமா வராது, செடி நடுவுல இருக்கிறதால ஓடுது. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்தா என்ன பேசுவோம் சொல்லுங்க, கையில ஒரு வேலை இருக்கணும்.

ஆன்ட்டியோட வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டார், அப்பா இங்க இருந்தப்பதான். அப்பத்தான் அப்பாவுக்கு எங்க புளோக்கோட கீழ்த்தளம் எதுக்குன்னு புரிஞ்சுது. இங்க வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டின புளோக்குகள்ல தரைத்தளத்துல வீடு இருக்காது, தூணுங்க மட்டும் நிக்கும், காத்து ஓடும், ரெண்டு மூணு கல் மேஜை, சதுரங்கக் கட்டம் போட்டது. வெற்றுத்தளம்னு எழுதுவாங்க. 1970கள்லருந்து கட்டின புளோக் எல்லாத்துலயும் அனேகமா இப்படித்தான். வந்த புதுசுல நான் கூட இவ்வளவு விலை விக்கிற ஊர்ல ஒரு மாடியையே வீணடிச்சிருக்காங்களேன்னு நினைச்சேன்.

அன்னைக்கு ராத்திரியே அங்க வெள்ளைத் துணி கட்டியாச்சு. நடுவுல பெட்டி, படம், ஊதுவத்தி. வட்ட மேஜை பத்து, பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை மேல வேர்க்கடலை, மிட்டாய், பாக்கெட் டிரிங்க். அஞ்சு நாள். ராத்திரி முழுக்க யாராவது முழிச்சிருக்கணும், அதனால ஒரு மேஜையில சீட்டாட்டம். யாரும் கார்டு அடிச்சு அழைக்கல, வேலைக்குப் போய்ட்டு வர்ற எல்லாரும் லிஃப்டுக்குப் போகணும்னா அதைக் கடந்துதான் போகணும், கடக்கும்போது நின்னுதான் ஆகணும். அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். வெள்ளைக் கவர்ல பணம் வைக்கணும், ஒத்தைப்படையில வைக்கணும்னு வீட்டம்மா சொன்னா. அப்பாவுக்கு ஆச்சரியம், "நாம கல்யாணத்துக்கு நூத்தியொண்ணு வைப்போம், இவங்க சாவுக்கா"ன்னு. கிளம்பும்போது ஒரு செவப்பு நூல் கொடுத்தாங்க, விரல்ல சுத்திக்கிட்டு வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி தூக்கிப் போட்டுறணும். அப்பா அதைப் பத்திரமா எட்டாவது மாடி வரைக்கும் கொண்டு வந்து, எங்க போடுறதுன்னு தெரியாம காரிடார்லயே நின்னுட்டு இருந்தார்.

பதினாறாம் நாள் கூட ஆகியிருக்காது, அதே இடத்துல மலாய்க் கல்யாணம். மஞ்சளும் பச்சையுமா துணி, ஜிகினாப் பூங்கொத்து, கொம்பாங் மேளம் அடிச்சுட்டு மாப்பிள்ளை ஊர்வலம், தூணுக்குத் தூண் பிரியாணி வாசனை. அப்பா கீழ இறங்கி ஒரு சுத்து சுத்திட்டு வந்து சொன்னார்: "தெருவைத் தூக்கி நட்டுக்க நிறுத்திட்டான், திண்ணையை மட்டும் கீழயே விட்டிருக்கான்."

என் தங்கச்சி சென்னைல ஓஎம்ஆர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல இருக்கா. ப்ரோஷர்ல ஐம்பது வசதி போட்டிருந்தான். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், யோகா டெக், ரிஃப்ளெக்ஸாலஜி பாதை, அது என்ன கருமமோ. அவங்க மாமனார் தவறினப்ப பாடியை வைக்க இடமில்ல. கிளப் ஹவுஸ் பிறந்தநாளுக்குத்தான் தருவாங்களாம். பார்க்கிங்ல ரெண்டு காரை நகர்த்திட்டு ரெண்டு மணி நேரத்துல முடிச்சாங்க. எந்தத் தேவைக்குன்னு பேர் எழுதின இடத்துல வேற எதுவும் நடக்காது, இதுதான் எனக்குப் பிரச்சனையா தெரியுது. பீஷான் புல்வெளிக்கும் எங்க கீழ்த்தளத்துக்கும் பேரே இல்ல, அதான் வெள்ளமும் வருது, கல்யாணமும் நடக்குது.

ஆனா ஒண்ணு, திண்ணை திண்ணைன்னு உருகுற கூட்டத்துல நான் இல்ல. அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்டயே கேட்டேன், தாத்தா வீட்டுத் திண்ணைல எல்லாரும் உட்காரலாமான்னு. கொஞ்ச நேரம் பேசல. "உட்கார்றவன் உட்காருவான், நிக்கிறவன் வாசலோட நிப்பான்"னார். திண்ணைக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான், அவன் ஜாதி இருந்துச்சு. இங்க கீழ்த்தளம் யாருக்கும் சொந்தம் இல்ல, பக்கத்து வீட்டுக்காரனையும் நாம தேர்ந்தெடுக்க முடியாது, ஏன்னா 1989லருந்து ஒவ்வொரு புளோக்குலயும் எந்த இனம் எத்தனை சதவீதம் இருக்கலாம்னு கணக்கு வச்சிருக்காங்க. அது தானா ஊறி வந்த சகோதரத்துவம் எல்லாம் இல்ல, சட்டம். அந்தச் சட்டத்தால நானும் அடி வாங்கியிருக்கேன். வீடு தேடினப்ப மூணு புளோக்குல ஏஜென்ட் "இந்தியன் கோட்டா ஃபுல்"னு கையை விரிச்சுட்டார், வீட்டம்மாவுக்கு அதுல ஒரு வீடு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. சில புளோக்குல சீனர் கோட்டா நிரம்பியிருந்தா நம்ம ஆளு சீனருக்கு விக்க முடியாது, வாங்குற ஆள் குறைஞ்சு விலையும் இறங்கும். வலிக்கிற விஷயம்தான். இருந்தாலும் அது இல்லன்னா இந்த ஆன்ட்டி பக்கத்து வீட்டுல இருந்திருப்பாங்களான்னா, எனக்குச் சந்தேகம்தான்.

இங்கயும் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுறாதீங்க. கீழ்த்தளத்துல பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு போர்டு, பசங்களைத் துரத்திட்டு அப்புறம் பசங்க வீட்டை விட்டு வர்றதே இல்லன்னு பேசுறோம். புது புளோக்குகள்ல கீழ்த்தளம் சுருங்கிட்டே வருது, பதிலுக்கு கார் பார்க்கிங் மேல தோட்டம் போட்டுத் தர்றாங்க, அழகா இருக்கு, ஆனா அங்க போகணும்னு நினைச்சுப் போனாத்தான் உண்டு, யாரும் அதைத் தாண்டி வீட்டுக்குப் போறதில்ல. இயற்கையோட வாழுறதுலயும் அப்படித்தான். பக்கத்துல சின் மிங்ல காட்டுக்கோழிங்க சுத்திட்டு இருந்துச்சு, விடியக்காலைல கூவுதுன்னு புகார் போய் 2017ல இருபது சொச்சம் கோழியைப் பிடிச்சுக் கொன்னுட்டாங்க, அப்புறம் ஏன் கொன்னீங்கன்னு பேப்பர் முழுக்கச் சண்டை. நீர்நாய் வேணும், கோழி கூவக் கூடாது.

அப்பா கிளம்புறதுக்கு முந்தின வாரம் தோட்டத்துல மிளகாய் திருட்டு. திரும்பவும். பாக் சிக் காய் எண்ணி வச்சிருப்பார், பதினேழு இருந்தது ஆறாச்சு. கடுப்பாகி பலகை ஒண்ணு செஞ்சார், நாலு மொழிலயும் எழுதணும்னு. மலாய், இங்கிலீஷ் அவர் எழுதினார், சீனம் ஆன்ட்டி எழுதினாங்க, எல்லாத்துலயும் ஒரே விஷயம், பறிக்காதேன்னு. தமிழுக்கு அப்பா. முப்பத்தி நாலு வருஷம் கரும்பலகைல எழுதின கை, பெயிண்ட் பிரஷ்ஷை வாங்கி மண்டி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதினார், நான் அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தேன். எழுத்து அழகா இருக்குன்னு ஆன்ட்டி வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. நானும் போகும்போது வரும்போது பார்த்தேன், நல்ல குண்டு குண்டு எழுத்துன்னுதான் பார்த்தேன், என்ன எழுதியிருக்குன்னு படிக்கல, பறிக்காதேன்னுதானே இருக்கப்போகுது.

அப்பா ஊருக்குப் போய் ஒரு மாசம் இருக்கும். ஞாயித்துக்கிழமை காலைல தண்ணி ஊத்திட்டு இருக்கேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பொண்ணு, இடுப்புல குழந்தை, அடுத்த புளோக்காம், தயங்கித் தயங்கி, "அண்ணே, ஒரு கொத்து கறிவேப்பிலை எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டுச்சு. எடுத்துக்கோம்மா, ஆனா இங்க யாரும் வந்து கேட்டதே இல்ல, உனக்கு எப்படித் தோணுச்சுன்னேன்.

"போர்டுலயே போட்டிருக்கேண்ணே. 'கேட்டுட்டுப் பறிச்சுக்கோங்க'ன்னு."